எந்த போர்ட், எங்கே போகிறது?

1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸைப் போன்ற நூற்பாலைகளாகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகத்தைப் போன்ற வளாகங்களாகட்டும், கம்ப்யூட்டர் இல்லாத பிரிவு இன்று ஏது? அந்தக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிதான் சுவிட்ச்.

அதன் முகப்பில் இரண்டு வகைத் துளைகளை, அதாவது போர்ட்டுகளைப் பார்க்கலாம். ஒன்று, சாதாரண செப்பு கேபிளுக்கானது. அந்த கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஓடாது. பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலிருந்து நூலைச் சுற்றும் ஆட்டோகோனர் வரை நீளும் மில்லில் அது போதாது. அங்கே இன்னொரு வகை, அதாவது எஸ்.எஃப்.பி. போர்ட் வேண்டும். சிறிய மாடியூலைச் செருகி, கண்ணாடி இழையான ஃபைபரை மாட்டினால், சிங்கிள் மோட் வகையில் 10 கிலோமீட்டர்கூடப் போகலாம். ஆனால் அந்த ஃபைபரில் ஒளி ஓடும் பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரான்தான். ஒரு பஞ்சு இழையே அதைவிடத் தடிமன்! பஞ்சு பறக்கும் இடத்தில் காலி எஸ்.எஃப்.பி. போர்ட்டை மூடியில்லாமல் விடவே கூடாது.

இனி பெயருக்கு வருவோம். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர் பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் பார்ப்பதுபோல, போர்ட்டின் பெயரிலேயே இடம் இருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் அடுக்கு சுவிட்சில் ‘கிகாபிட் ஈதர்நெட் 1/0/24’ என்றால், முதல் சுவிட்ச், அதன் நிலையான பகுதி, 24ஆம் போர்ட். முன்னால் நிற்கும் சொல் வேகத்தைச் சொல்கிறது. ஜூனிப்பர் நிறுவனத்தின் சுவிட்சோ பூஜ்யத்திலிருந்து எண்ணும்; அதன் 24ஆவது போர்ட்டின் பெயர் 23 என்றுதான் முடியும். போனில் “24ஆவது கேபிளைப் பிடுங்குங்க தம்பி” என்று சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரிவே நின்றுபோகலாம். எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

துளை ஒன்றாக இருந்தாலும் அது செய்யும் வேலை வேறாகலாம். அக்சஸ் போர்ட் ஒரே ஒரு வி-லேனுக்கு, அதாவது சுவிட்சுக்குள் பிரித்துவைத்த ஒரு தனி நெட்வொர்க்குக்கு உரியது. கணக்குப் பிரிவு கம்ப்யூட்டருக்கு அது போதும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள டிரங்க் போர்ட்டோ பல வி-லேன்களைச் சுமக்கும். எந்தத் தகவல் எந்த வி-லேனுடையது என்று எண் குறித்து அனுப்பும். எச்.பி. நிறுவனத்தின் சில சுவிட்சுகளிலோ ‘டிரங்க்’ என்றால் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டுவது. கம்பெனி மாறும்போது கையேட்டைப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

எந்தச் சுவிட்சாலும் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: கேபிளின் மறுமுனை எந்த அறையில் இருக்கிறது என்பது. அதை மனிதர்தான் எழுத வேண்டும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளே, ஒவ்வொரு போர்ட்டின் ‘டிஸ்கிரிப்ஷன்’ வரியிலும் ‘ஸ்பின்னிங் ஷெட் 2’, ‘நூலகம், மாடி’ என்று எழுதிவையுங்கள். கேபிளின் இரு முனையிலும் அதே பெயரை ஒட்டுங்கள். எழுதியதைச் சேமிக்கவும் மறக்காதீர்கள். சிஸ்கோ சுவிட்சில் சேமிக்காத மாற்றம், ஒருமுறை கரண்ட் போய் வந்தாலே அழிந்துவிடும்.