நெல்லும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதைக்குரிய மேடையில் நெல்லைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். நெல்லுக்குக் கவிஞர்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு என்பதே என் கருத்து.

பாசுமதியை இன்று உலகம் அறியும். இமயத்தின் அடிவாரத்திலும் அதனையடுத்த சமவெளியிலும் விளையும் நீண்ட மணியுடைய நெல் அது. ஆனி, ஆடியில் நாற்று நட்டு, ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பர். கதிர் பால்பிடித்து முற்றும் நாள்களில் இரவு குளிர்ந்திருந்தால் மணம் நன்கு தங்கும். வெப்பம் மிகுந்தால் குறையும். பழைய வகைகள் நெடிது வளர்ந்து காற்றுக்குச் சாய்பவை; விளைச்சலும் குறைவு. ஆயினும் வேகும்போது அரிசி அதிகம் பருக்காமல், ஏறத்தாழ இரு மடங்கு நீளும். அதன் மணத்திற்கு முதன்மைக் காரணமான வேதிப்பொருள், ஈழத்துச் சமையலில் இடும் ரம்பை இலையிலும் உண்டு என்பர் அறிவியலார்.

இந்நெல்லின் பெயருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்து ரைஸ்டெக் என்னும் நிறுவனம் பாசுமதி நெல்வகைகளுக்கும் அரிசி மணிகளுக்கும் காப்புரிமை பெற்றது. மொத்தம் 20 கோரிக்கைகள். இந்தியா 2000ஆம் ஆண்டில் எதிர்வழக்காடியது. 2001இல் பெரும்பாலான கோரிக்கைகள் நீங்கி, அந்நிறுவனம் உருவாக்கிய சில வகைகளுக்கு மட்டுமே உரிமை எஞ்சியது. பின்னர் 2016இல் பாசுமதி நம் நாட்டில் புவிசார் குறியீடு பெற்றது.

பாசுமதி இம்மண்ணின் பழம்பொருள் என்பதை நிறுவ விழைவோர் இன்றும் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று ஒரு கவிதை நூல். பஞ்சாபியக் கவிஞர் வாரிஸ் ஷா 1766இல் இயற்றிய 'ஹீர்' என்னும் காதற் காவியத்தில் அந்நெல்லின் பெயர் வருகிறது. கவிஞர் காதலைப் பாடினார். போகிற போக்கில் ஒரு நெல்லின் பெயரைச் சொன்னார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அச்சொல் சான்றாக நின்றது.

இனி, நம் பக்கம் திரும்புவோம். நமக்கும் மணமுள்ள நெல்கள் உண்டு. நம்முடையவை நீண்டவை அல்ல. சீரகச் சம்பா, பெயருக்கேற்பச் சீரகம்போற் சிறுத்தது. நமக்குத் தெற்கே, தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு, நெல்வகைகளை நிரல்படச் சொல்கிறது. சீரகச் சம்பா அதில் உண்டு, புனுகுச் சம்பா உண்டு, கத்தூரிவாணன் உண்டு. புனுகும் கத்தூரியும் பெயரிலேயே மணக்கின்றன. அப்பெயர்களைச் சொல்பவன் ஆண்டையிடம் கணக்கு ஒப்புவிக்கும் பள்ளன் என்பது கருதத்தக்கது. நிலம் ஆண்டையுடையது, நெல்லைப் பற்றிய அறிவு உழைப்பவனுடையது. புலவர் அதைக் கேட்டு எழுதி வைத்தார். சீரகச் சம்பா இன்றும் பிரியாணிப் பானையில் மணக்கிறது. புனுகுச் சம்பாவை நம்முள் எத்தனை பேர் உண்டிருப்போம்?

நம் ஊரின் ஆண்டாளையே எடுத்துக்கொள்வோம். திருமாலிருஞ்சோலைப் பெருமானுக்கு நூறு தடா அக்காரவடிசிலை நேர்ந்துகொண்டவள் அவள். அவ்வேண்டுதலை இராமானுசர் பின்னாளில் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அடிசிலின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறது. கூடாரவல்லியன்று வீடுதோறும் அது கிண்டப்படுகிறது. ஆனால், எந்நெல்லின் அரிசி அப்பானையில் வெந்தது என்பதை நாம் அறியோம். பாட்டில் இடம்பெற்றது நின்றது, இடம்பெறாதது மறைந்தது.

நெல்வகைகளைப் பட்டியலிடுவதா கவிஞன் தொழில் என்று கேட்கலாம். நம் காலத்துக் கவிதைகளில் வயல் உண்டு, கதிர் உண்டு, பசுமை உண்டு; நெல்லின் பெயர் அரிது. பொதுச்சொல் எந்த ஊருக்கும் பொருந்தும். எந்த ஊருக்கும் பொருந்துவது எந்த ஊருக்கும் சான்றாகாது.

விதையைக் காத்தவர்கள் இருக்கிறார்கள். 2018இல் மறைந்த நெல் செயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். 160க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டார். உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. விதை அவ்வாறு பெருகியது. பெயர்களையும், அவை வந்த கதைகளையும் பெருக்குவது நம் பொறுப்பு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், இராசபாளையம் முதல் வத்திராயிருப்பு வரை கண்மாய்ப் பாசன ஊர்கள் பல உள. அங்குள்ள முதியோர் நாவில் இன்னும் எஞ்சியிருக்கும் நெற்பெயர்களை நம் வட்டம் தன் இரண்டாம் பத்தாண்டில் தொகுக்க வேண்டும். எந்தக் கண்மாய்ப் பற்றில் விளைந்தது, எந்தப் பட்டத்தில் நட்டார்கள், எந்தச் சடங்கிற்கு ஆக்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு போதும். அதில் ஒரு பெயரேனும் உங்கள் கவிதைக்குள் தானாக வந்து அமருமானால், வாரிஸ் ஷா செய்ததை நீங்களும் செய்தவராவீர்கள்.

காலம் குறைவு. பெயரறிந்த முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது, ஒவ்வொருவரும் ஒரு நெல்லின் பெயரோடு வருமாறு அன்புடன் வேண்டி அமைகின்றேன்.