தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் பள்ளி இமாம் ஆற்றிய உரை)

 

சற்று முன் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. ரமளானில் நோன்புக் கஞ்சிக்காக வாங்கிய அரிசி, பருப்பு, இறைச்சி, எரிபொருள் அனைத்திற்கும் கணக்கு உண்டு. அக்கஞ்சியில் பெரும்பகுதியாய் இருந்த ஒரு பொருளுக்கு மட்டும் அதில் இடமில்லை. அது தண்ணீர். நம் ஆழ்துளைக் கிணற்றில் வருகிறது, சம்பில் நிறைகிறது, அண்டாவில் விழுகிறது. பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறது. அதனால் நாம் கேள்வி கேட்பதில்லை. உணவாலும் நீராலும் பரவும் நுண்கிருமிகளைப் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்து கண்டவற்றுள், நெமிலிச்சேரியில் வாழும் நமக்கு இன்றியமையாத சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்கலாகாது என்றும், இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும் என்றும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அக்கட்டளைகளின் பயனை ஆய்வுக்கூடங்கள் மெல்ல மெல்ல நமக்கு விளக்கி வந்துள்ளன.

1884ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலரா நோயாளிகளின் குடலை ஆராய்ந்து, காற்புள்ளி போல வளைந்த ஒரு கிருமியைக் கண்டறிந்தார். மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டார். ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. இக்கிருமி குருதியில் புகுந்து பரவுவதில்லை; குடலைத் துளைப்பதுமில்லை. பின் எவ்வாறு சில மணி நேரத்தில் திடகாத்திரமான ஒருவரை வற்றச் செய்து கொல்கிறது? காக் ஒரு நஞ்சினைச் சந்தேகித்தார். ஆனால் அதை மெய்ப்பிக்க 75 ஆண்டுகள் ஆயின.

மெய்ப்பித்தவர் நம் நாட்டவர். வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்து, கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, இடையில் காலராக் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் கோத்து வீங்கிற்று. இதனை 1953இல் வெளியிட்டார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. கிருமி வளர்ந்த திரவத்தை நுண்வடிகட்டியில் வடித்து, கிருமி ஒன்றுகூட இல்லாத திரவத்தை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடல் வீங்கிற்று! ஆகவே கேடு செய்வது கிருமி விட்டுச்சென்ற நஞ்சு என்பது உறுதியாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு இவரைப் பரிந்துரைத்தும் அது கிட்டவில்லை. 1985இல் அவர் காலமானார்.

நஞ்சு செயல்படும் விதம் விளங்கியபின் மருந்தின் வழியும் விளங்கிற்று. நஞ்சு உடலின் நீரையும் உப்பையும் குடல்வழியே வெளியேற்றுகிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே செல்லும் வாயிலை அது அடைப்பதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், ஊசி வழிச் செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த மரணம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. தாய்மார்களே! ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நீர் கொடுக்கக் கூடாது என்று இன்றும் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணமே ஆபத்தானது.

சம்புநாத் டே காட்டிய உண்மை நம் சமையற்கட்டிற்கும் பொருந்தும். கிருமியைக் கொன்றாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு எஞ்சலாம். சமைப்பவரின் கைப்புண்ணிலும் மூக்கிலும் வாழும் ஒருவகைக் கிருமி உணவில் பெருகி வெளியிடும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அரிசியில் ஒட்டியிருக்கும் இன்னொரு கிருமியின் வித்துக்கள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு ஆறும்போது அவை முளைத்து நஞ்சு கக்குகின்றன. எனவே, இஃப்தாருக்கு வாங்கிச் சென்ற கஞ்சியை ஸஹர் வரை வெளியே வைத்து, சூடு செய்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. வலீமா பிரியாணியும் அவ்வாறே. அண்டா பெரிதாக இருந்தால் அதன் நடுப்பகுதி மெதுவாகவே ஆறும். மணமும் ருசியும் மாறாமலே உணவு கெட்டிருக்கும். சமைத்த உணவை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்கலாகாது. ஒன்று 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

நம் ஊருக்கு அருகே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1992 அக்டோபரில் அன்றைய மதராஸில் காலரா போன்ற நோய் பரவிற்று. நோயாளிகளிடம் எடுத்த கிருமி வழக்கமான காலராச் சோதனைக்கு உட்படவில்லை. 'அப்படியானால் இது காலரா அன்று' என்று ஏட்டை மூடியிருக்கலாம். ஆய்வாளர்கள் மூடவில்லை. அதுவரை அறியப்பட்ட 138 வகைகளிலும் சேராத புதிய வகை அது என்று கண்டு, ஓ139 என எண்ணிட்டனர். மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என அது பரவிற்று. பழைய வகையை எதிர்த்து உடலில் உண்டான வலிமை இதற்கு உதவவில்லை. ஆதலால் பெரியவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். பின்னர் அவ்வகை தணிந்து, பழைய வகையே மேலோங்கிற்று. 'இத்தனை காலம் இந்த நீரைத்தானே குடித்தோம், என்ன ஆயிற்று?' என்பார்க்கு இதுவே விடை.

அருமைச் சகோதரர்களே! பாதாளச் சாக்கடை வராத தெருவில் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியும் அடுத்த வீட்டின் ஆழ்துளைக் கிணறும் எத்தனை அடி தள்ளி இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் எண்ணிப் பாருங்கள். மழைநீர் சம்பின் மூடியைத் தாண்டும்போது அதனுடன் எது வருகிறது என்பதைக் கண் காட்டாது, சோதனைதான் காட்டும்.

சோதனை கடினமன்று. 1982இல் மஞ்சா என்பாரும் அவர்தம் உடனாய்வாளர்களும் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். மருந்து தோய்ந்த தாள் அடங்கிய குப்பியில் நீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும். கறுத்தால், கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் போன்ற ஆய்வகத்தில் முழுச் சோதனை செய்துகொள்ளலாம்.

ஆகவே நிர்வாகத்தாரிடம் நாம் வேண்டுவது மூன்று. பள்ளியின் சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் குறித்த தவணையில் கழுவிக் குளோரின் இட வேண்டும். ரமளானுக்கு முன்பும் மழைக்காலத்திற்குப் பின்பும் நீரைச் சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ கைப்புண்ணோ உள்ள சமையற்காரருக்கு அன்று ஊதியத்துடன் ஓய்வளிக்க வேண்டும். ஊதியம் போய்விடும் என்று அஞ்சினால் அவர் நோயை மறைப்பார்.

கஞ்சி வாங்க வரிசையில் நிற்பவர் நம் ஜமாஅத்தினர் மட்டுமல்லர். அக்கம்பக்கத்துச் சகோதர சமயத்தாரும், வாளியேந்தி வரும் சிறுபிள்ளைகளும் உளர். நம்மை நம்பி உண்போரின் உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த ஆண்டறிக்கையில் அரிசிக் கணக்கிற்கு அருகே தண்ணீருக்கும் ஒரு பத்தி இடம்பெறட்டும்: தொட்டி கழுவிய நாள், சோதித்த நாள், கண்ட முடிவு. முடிவு நல்லதாயினும் தீயதாயினும் மறைக்காமல் அச்சிடப்படட்டும்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்று, நம் முஹல்லாவையும் ஊர் மக்கள் அனைவரையும் நோய்நொடியின்றிக் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.