தாத்தா இப்படியா சிரிப்பார்?

இன்னிக்கு ஒரு பத்து நொடி வீடியோவைப் பத்திப் பேசப்போறேன். அதை நான்தான் செஞ்சேன்.

எங்க ஆயா இருக்கிறது வேடந்தாங்கல்ல. தாத்தா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. ஏரிக்கரையில எடுத்த ஒரே ஒரு நல்ல போட்டோ இருக்கு. பின்னாடி மரமெல்லாம் நத்தைகுத்தி நாரை. தாத்தா மட்டும் உம்முன்னு நிக்கிறார். போன பொங்கலுக்கு அதை ஒரு ஏஐ ஆப்ல போட்டேன். தாத்தா தலையைத் திருப்பிப் பளிச்சுன்னு சிரிச்சார். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் முழுக்க ஹார்ட்டின்!

ஆயா ரெண்டு தடவை பார்த்தாங்க. "இன்னாடா இது, வாய் மட்டும் சிரிக்குது? உங்க தாத்தாவுக்கு மொதல்ல கண்ணு சுருங்கும், அப்புறம்தான் வாயி"ன்னு சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

துஷென்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1862-லயே கிட்டத்தட்ட இதை எழுதியிருக்கார். உதட்டோரத்தை நாம நினைச்சா மேல இழுக்கலாம். கண்ணைச் சுத்தியிருக்கிற தசை உண்மையான சந்தோஷத்துலதான் சுருங்கும்னார். நல்லா நடிக்கத் தெரிஞ்சவங்களால அதையும் செய்ய முடியும்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. ஆனாலும் ஒரு சிரிப்பை நம்பலாமான்னு பார்க்க, நாம இன்னமும் கண்ணைத்தான் பார்க்கிறோம்.

2014-ல வந்த 'கோச்சடையான்' ஞாபகம் இருக்கா? ரஜினியோட அசைவுகளை மோஷன் கேப்சர்ல பதிவுபண்ணி, கம்ப்யூட்டர்ல உருவம் கொடுத்தாங்க. 2009-ல காலமான நாகேஷையும் அதுல திரும்பக் கொண்டுவந்தாங்க. எது கோபம், எது சோகம்னு நமக்குப் புரிஞ்சுது. ஆனாலும் பொம்மை மாதிரி இருக்குன்னு நிறைய பேர் சொன்னாங்க. கன்னத்துல, புருவத்துல புள்ளி வெச்சு அசைவை அளக்கலாம். கண்ணுக்குள்ள புள்ளி வைக்க முடியாதே!

ஜப்பான்ல ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-ல ஒரு கட்டுரை எழுதினார். பொம்மை மனுஷன் மாதிரி ஆக ஆக நமக்குப் பிடிக்கும். கிட்டத்தட்ட மனுஷனாவே ஆனதும், சின்னக் குறைகூட உறுத்தி, ஒரு மாதிரி ஆயிடும். இதைத்தான் 'அன்கேனி வேலி'ங்கிறாங்க. நம்ம ஊர் வேலி இல்லைங்க, பள்ளத்தாக்கு!

மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசு சிற்பம் பார்த்திருப்பீங்க. அதுல கையைத் தூக்கித் தவம் பண்ற பூனை, பக்கத்துல எலிங்க. போலிச்சாமியார்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும். கல்லுல எதுவும் அசையாது. மீதியை நாம நிரப்பிக்கிறோம். என் வீடியோ நிரப்ப இடமே விடலை. தாத்தாவோட சிரிப்பு இருக்கவேண்டிய இடத்துல, எத்தனையோ பேர் முகத்துல கத்துக்கிட்ட ஒரு பொதுச் சிரிப்பை வெச்சிடுச்சு.

குரூப்ல ஹார்ட்டின் போட்டவங்க தப்பா பார்க்கலை. அது சிரிப்புதான். ஆனா அது யாரோட சிரிப்புன்னு பார்த்தது ஆயா மட்டும்தான்.

எனக்கு உறைச்சது வேற இடத்துல. அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. தாத்தாவைப் பார்த்ததே இல்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச்சொல்லி, "கொள்ளுத்தாத்தா இப்படித்தான் சிரிப்பாரா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரலை. ஆயாதான் அவளை மடியில உட்கார வெச்சு, "இப்டி இல்ல கண்ணு, இந்தா பாரு"ன்னு கண்ணை இடுக்கிச் சிரிச்சுக் காட்டினாங்க.

அன்னிக்கே வீடியோவை அழிச்சிட்டேன். ஆயா கேட்டபடி, அந்த உம்முன்னு இருக்கிற போட்டோவையே பெருசா பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படிச் செய்யத் தோணுச்சுன்னா, அவங்களோட அதிக நாள் வாழ்ந்தவங்ககிட்ட முதல்ல கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!