லைசென்ஸ் போனால் அடுப்பும் அணையும்



லாபு, லிங்கி, பஹாவ் பக்கம் பால்மரத்தை விட்டு லோரி, வேன் ஓட்டப் போன நம் பிள்ளைகளுக்கு லைசென்ஸ்தான் சோறு. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் உரிமை உண்டு.

2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம், ரத்தத்தில் 50 மில்லிகிராம், இதுதான் எல்லை. முதல் முறை தண்டனை பெற்றாலே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, குறைந்தது 2 ஆண்டு லைசென்ஸ் தடை. தக்க காரணமின்றிச் சோதனையை மறுப்பதும் குற்றம். மறுக்காதீர்கள்.

ஆனால் அளப்பவர் சொல்வதே முடிவா? இங்கிலாந்தின் 1988 சட்டப்படி, ஓட்டுநர் கேட்டால் ரத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அவரிடமே தர வேண்டும். தராவிட்டால் அந்த முடிவை அவருக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. அந்தப் பாதியை அவர் வேறு இடத்தில் சோதித்துக்கொள்ளலாம். நியாயம் என்றால் இதுதான்.

இங்கேயும் ரத்தம் எடுக்கும்போதே கேளுங்கள். கேட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைதானால் வழக்கறிஞரைக் கலந்துபேசும் உரிமையை அரசியல் சட்டத்தின் 5(3) பிரிவு தருகிறது. காசில்லையா? குடிமக்களுக்கு இலவச உதவி தர யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் இருக்கிறது.

வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். கேளுங்கள்.