ரோட்டில் கிடக்கும் பாம்பு



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் மாலையில் நடப்பவர்களுக்குத் தெரியும். வெயில் தாழ்ந்த பிறகும் தார் ரோட்டில் சூடு இருக்கும். பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. அதனால் குளிர் காயப் பாம்பு ரோட்டுக்கு வரும். வண்டி ஏறிச் சாவதும் அங்கேதான்.

பாம்பைக் கண்டதும் பலர் கம்பைத் தேடுகிறார்கள். சிலர் பாவம் பார்த்து, கையால் தூக்கி ஓரத்தில் விடப் போகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

வாவா சுரேஷ் பெயரைக் கேட்டிருப்பீர்கள். திருவனந்தபுரத்துக்காரர். ஆயிரக்கணக்கில் பாம்பு பிடித்தவர். 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் மாவட்டம் குறிச்சியில் ஒரு நல்ல பாம்பைப் பிடித்தார். சாக்குக்குள் விடும்போது அது தொடையில் கடித்துவிட்டது. நினைவு போய்விட்டது. கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். பழகிய கைக்கே இந்தக் கதி! பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வனத்துறையில் பயிற்சி பெற்றவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். நீளமான துணிப்பை. அதன் வாயில் ஒரு குழாய். நீண்ட கொக்கியால் பாம்பைக் குழாய்ப் பக்கம் திருப்புவார்கள். இருட்டுப் பொந்து என்று நினைத்துப் பாம்பு தானே உள்ளே நுழையும். தலைப் பக்கம் கை போவதே இல்லை. 2025 ஜூலையில் இதே மாவட்டத்துப் பேப்பாறையில் ஒரு ராஜநாகம் பிடிபட்டது. சுமார் 16 அடி நீளம்! அதைக் கம்பும் பையும் கொண்டு பிடித்தவர் ரோஷ்ணி என்ற வனத்துறைப் பெண் அலுவலர்.

பையை நிழலில் வைப்பார்கள். வெயில் பட்டால் பாம்பு செத்துப்போகும். பால் ஊற்றக் கூடாது, அது பாம்பின் உணவே அல்ல. காயம் இருந்தால் கால்நடை மருத்துவர் பார்ப்பார். பிறகு ஆள் இல்லாத இடத்தில் விடுவார்கள். வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வன உயிர்ச் சட்டப்படி குற்றம்.

வனத்துறைக்குப் போன் செய்யும்போது எல்லை ஊர்களில் ஒரு குழப்பம் வரும். தமிழில் கண்ணாடி விரியன், மலையாளத்தில் அணலி. நல்ல பாம்பு அங்கே மூர்க்கன். கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் நீளத்தையும் சொன்னால் போதும். கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலி இருந்தால், பக்கத்தில் உள்ள பயிற்சி பெற்றவரை அது காட்டும்.

ஆள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று டார்ச் காட்டி வண்டிகளை ஒதுக்கி விடலாம். அதற்குள் பாம்பு புதருக்குள் போய்விட்டால், போகட்டும். தேட வேண்டாம்.