காவல்துறை ஏலத்தில் ஒரு கார்

பெங்களூரில் காவல்துறையினர் நடத்திய ஏலம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். உரிமை கோருவாரின்றிக் கிடந்த வண்டிகளின் நடுவே சான் ஸ்டார்ம் ஒன்று நின்றது. இருவர் மட்டுமே அமரத்தக்க ஸ்போர்ட்ஸ் கார், 1990களின் இறுதியில் நம் நாட்டிலேயே உருவானது, 1149 சி.சி. ரெனோ எஞ்சின் கொண்டது. மேனி கண்ணாடியிழையாலானது. ஆகவே பல மழைக்காலம் நனைந்தும் வெளியே துரு இல்லை. துருவெல்லாம் அடியிலிருந்த இரும்புப் பாகங்களில் இருந்தது. குனிந்து பார்த்தவர் எவருமில்லை. நாமும் முதலில் குனிந்தோமில்லை!

விலை கேட்குமுன் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. வண்டி ஓட்டுவதற்கென விற்கப்படுகிறதா, பழைய இரும்பாகவா? இரும்பாக விற்றதைப் பதிவு செய்து சாலையில் ஓட்ட இயலாது. ஓட்டத்தக்கதாயின், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 32-ஆம் படிவத்தில் போக்குவரத்து அலுவலகத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். ஏல விற்பனையை உறுதி செய்யும் ஆணையும் உடன் வேண்டும். முதற்பதிவு 15 ஆண்டுகளே செல்லும். பின்னர் வண்டியின் தகுதியைச் சோதித்தே புதுப்பிப்பர். உள்ளது உள்ளபடி விற்பதால், சாவி இல்லையென்று பின்னர் முறையிடவும் இடமில்லை.

அறிவிப்பை மீண்டும் படித்தோம். நாம் விரும்பிய கார் இரும்புப் பட்டியலில் இருந்தது. அருகே உற்சாகமாக விலை கேட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம் அத்தாளைக் காட்டினோம். அவர் உயர்த்திய கையைத் தாழ்த்தவில்லை. "தெரியும் ஐயா. வீட்டில் இதேபோல் ஒன்று கதவில்லாமல் நிற்கிறது" என்றார்.