ஆவணத்தில் ஏறட்டும் பழவேற்காடு



பழவேற்காடு ஏரியில் பிடிபடும் இறாலின் ஓட்டை நாம் கழிவு என்கிறோம். அதை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் புரதத்தைக் கழித்தால் கைட்டின். அடர்காரத்தில் மறுபடி வேகவைத்தால் கைட்டோசான். அது கழிவுநீரைத் தெளியவைக்கிறது, காயத்தின் ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணியிலும் இருக்கிறது.

ஒரு தொழிலின் அறிவு இப்படி இன்னொரு தொழிலுக்குப் போன தடத்தைக் காப்புரிமை ஆவணங்களில் தேடலாம். ஒவ்வொன்றிலும் முந்தைய காப்புரிமைகளின் மேற்கோள் பட்டியலும் வகைப்பாட்டுக் குறியீடும் உண்டு. கைட்டோசான் தயாரிப்பு சி08பி, கட்டுத்துணி ஏ61எல். பின்னது முன்னதை மேற்கோள் காட்டினால், வேதித்தொழிலிலிருந்து மருத்துவத்துக்கு ஒரு பாதை தெரிகிறது. ஜாஃபி, டிராக்டன்பர்க், ஹென்டர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993-இல் இம்முறையால், அறிவு முதலில் அக்கம்பக்கத்திலேயே பரவுகிறது என்று காட்டினார்கள்.

ஆனால் மேற்கோளை அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்டுபிடித்தவர் பார்த்தேயிராத ஆவணத்தைக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் சேர்த்திருக்கலாம். 2001 முதல் அமெரிக்க ஆவணங்களில் பரிசோதகர் சேர்த்த மேற்கோள்களுக்கு நட்சத்திரக் குறி இடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை, எழுத்தில் ஏறாத அறிவு அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. முகத்துவாரம் தூர்ந்தால் இறால் வரத்து என்னவாகும், எந்த நீரோட்டத்தில் சுத்துவலை ஊன்ற வேண்டும் என்பதெல்லாம் நம் மீனவருக்கு அத்துப்படி. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மக்கள் சீட்டுப்போட்டு முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு முறை, ஏரியைப் பங்கிட்டு வாழும் ஓர் அறிவியல். இவற்றுக்குக் காப்புரிமை ஆவணங்களில் மேற்கோள் எண் கிடையாது.

எழுத்தின் வலிமையை மஞ்சள் காட்டியது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்த 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாக அடுக்கியது. 1997-இல் அது ரத்தானது. பாட்டி சொன்னாள் என்பது மட்டும் அன்று அங்கே போதியிருக்காது.

ஆகவே, மீன்வளப் பட்டம் பெறும் செல்வங்களே, குப்பத்தில் கற்றதைச் சொன்னவர் சம்மதத்தோடு, அவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். உயிரியல் பொருளைப் பயன்படுத்தும் கண்டுபிடிப்பின் விண்ணப்பத்தில், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. சட்டம் கேட்பது பொருளின் ஊரை. அறிவின் ஊரையும் சேர்த்து எழுதுவது உங்கள் கடமை. அந்த ஏரியின் மீனவர் உங்கள் முதல் ஆசிரியர்கள். உலகம் அதை உங்கள் எழுத்திலிருந்து அறியட்டும்.